பல் வேரில் சீழ்: மாத்திரையா, ரூட் கேனலா, பிடுங்கிவிடுவதா?

கடைவாய்ப்பல்லில் ஒரு பழைய சொத்தை. சில மாதம் கூச்சம், அப்புறம் ராத்திரி வலி, அப்புறம் ஒருநாள் வலி தானாகவே நின்றுபோகிறது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது ஒரு காலையில் கன்னம் வீங்கி நிற்கிறது. மேல்பல் கீழ்ப்பல்லில் பட்டாலே உயிர் போகிறது. இப்படி வருகிறவர் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீக்கம் வற்றும்வரை காத்திருக்கலாம். பல்லைத் திறந்தோ ஈறைக் கீறியோ சீழை வெளியேற்றலாம். ரூட் கேனல் செய்து பல்லைக் காப்பாற்றலாம். பிடுங்கிவிடலாம்.

பணம், நேரம், பயம் மூன்றையும் வைத்துத்தான் பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் உள்ளே இருக்கிற கிருமி எப்படிப்பட்டது, எந்த மாதிரி இடத்தில் வாழ்கிறது என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அதைச் சேர்த்தால் முதல் வழி பட்டியலிலிருந்தே விழுந்துவிடுகிறது. மாத்திரை மட்டும் என்பது சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு இன்னொரு பெயர் என்பது என் கட்சி. அதற்கான காரணத்தைச் சொல்லிவிட்டு மற்ற மூன்றுக்கு வருகிறேன்.

வலி தானாக நின்றது என்றேன் அல்லவா, பல்லின் உள்ளே இருந்த நரம்பும் ரத்தக்குழாயும் செத்துப்போனதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். சொத்தை வழியாக முதலில் உள்ளே போகிறவை ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமாளிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகைகள். அங்கே இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் அவை தீர்த்துவிடும். ரத்த ஓட்டம் நின்றுவிட்டதால் புதிதாக ஆக்சிஜன் வரவும் வழியில்லை. அந்த இடத்தில்தான் காற்றில்லா பாக்டீரியாக்கள் செழிக்கின்றன: பிரவோட்டெல்லா, போர்ஃபிரோமோனாஸ், ஃபூசோபாக்டீரியம், பார்விமோனாஸ். ஆக்சிஜன் பட்டால் செத்துவிடக்கூடிய இவை, செத்த சதையின் புரதத்தைத் தின்று வளர்கின்றன. இவை எங்கிருந்தோ வந்து தொற்றியவை இல்லை. ஆரோக்கியமான வாயிலும் ஈறு இடுக்கில், நாக்கின் பின்புறத்தில் எப்போதும் இருப்பவைதான். செத்த பல் அவற்றுக்குப் புது இடம், அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு பழைய ஆய்வுகள் நல்ல சாட்சி. 1965இல் ககேஹாஷி குழுவினர் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்து, உள்சதையை வாய்க்குத் திறந்துவிட்டார்கள். உணவுத் துணுக்கு உள்ளே போயும் சதை சாகவில்லை. துளையை மூடப் புதுப் பல்திசு வளர்ந்தது. சாதாரண எலிகளில் அதே துளை அழுகிச் சீழ் பிடித்தது. 1976இல் ஸ்வீடனின் சுண்ட்க்விஸ்ட், அடிபட்டு உள்ளே செத்துப்போன, ஆனால் வெளியே சொத்தை இல்லாத பற்களை ஆராய்ந்தார். வேர்நுனியில் எலும்பு கரைந்திருந்த பற்களில்தான் பாக்டீரியா இருந்தது. அவர் பிரித்தெடுத்தவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் காற்றில்லா வகை. செத்த சதை மட்டும் இருந்தால் சீழ் பிடிக்காது, கிருமி வேண்டும் என்பதும், அந்தக் கிருமி பெரும்பாலும் எந்த வகை என்பதும் இவற்றால் தெளிவாயின.

இப்போது மாத்திரைக்கு வருவோம். விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, ரத்தம் போகும் இடத்துக்குத்தான் போகும். செத்த பல்லுக்குள் ரத்தமே போவதில்லை. மெயின் லைன் அறுந்த வீட்டில் எத்தனை மோட்டார் போட்டாலும் குழாயில் தண்ணீர் வராது. சீழ்க்கட்டியின் நடுவிலும் இதே கதைதான்: ரத்தக்குழாய் கிடையாது, அமிலத்தன்மை அதிகம், போதாததற்குக் கிருமிகள் பசைபோன்ற படலம் கட்டிக்கொண்டு உள்ளே ஒட்டியிருக்கின்றன. மருந்து கட்டியின் ஓரத்தில் உள்ள உயிருள்ள சதையில் வேலை செய்கிறது. பரவுவது குறைகிறது, வீக்கம் வற்றுகிறது, ஆள் ஆபீஸ் போகிறார். மூலக்கிருமி பல்லுக்குள் அப்படியே இருக்கிறது. சில வாரத்திலோ மாதத்திலோ திரும்ப வீங்குகிறது. அதே மாத்திரைச் சீட்டின் மிச்சத்தைத் தேடுகிறார்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டி இதை வெளிப்படையாகவே சொல்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெரியவருக்கு, சீழ் ஓரிடத்தில் மட்டும் இருந்து, பல்லுக்கு நேரடிச் சிகிச்சை கிடைக்குமானால், ஆன்டிபயாடிக் வேண்டாம். காய்ச்சல், உடல் சோர்வு என்று உடம்பு முழுக்கப் பாதிப்புத் தெரிந்தால் கொடுக்கலாம். பல் மருத்துவரிடம் உடனே போக முடியாத நிலையிலும் கொடுக்கலாம், ஆனால் அப்போதும் அது போய்ச் சேரும்வரைக்கான ஏற்பாடு மட்டுமே.

அப்படிக் கொடுக்க வேண்டியிருந்தால் எந்த மருந்து? நம் ஊரில் பல் என்றாலே மெடிக்கல்காரர் கை போகும் டப்பாக்கள் சில உண்டு. அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

அமாக்சிசிலின்தான் முதல் தேர்வு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களையும் வாயின் காற்றில்லா வகைகளில் பெரும்பகுதியையும் பிடிக்கும். வழிகாட்டி சொல்வது 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, 3 முதல் 7 நாள். மூன்றாம் நாள் ஆளைப் பார்த்து நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டும். பிரவோட்டெல்லா போன்ற சில, பெனிசிலின் வகையை உடைக்கும் நொதியைச் சுரக்கும். அங்கே அமாக்சிசிலின் தோற்கும்போது, அந்த நொதியைத் தடுக்கும் கிளாவுலனேட் சேர்ந்த மாத்திரை கைகொடுக்கும். விலை கூட, வயிற்றுப்போக்கும் கூட. முதல் நாளே அதை எழுதுவதற்குச் சாதாரண வீக்கத்தில் காரணம் இல்லை.

மெட்ரோனிடசோல் கதை சுவாரசியமானது. பிரான்சில் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து அது, பாக்டீரியாவுக்கு அல்ல. பெண்ணுறுப்புத் தொற்றுக்காக அதை வாங்கிச் சாப்பிட்ட ஒரு பெண்மணி, என் ஈறுப் புண்ணும் சேர்ந்து ஆறிவிட்டதே என்று சொல்ல, அதைக் காதில் வாங்கிக்கொண்ட ஷின் என்பவர் 1962இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். காற்றில்லா பாக்டீரியாவுக்கு எதிரான அதன் வாழ்க்கை தொடங்கியது ஓர் ஈறிலிருந்துதான். அது வேலை செய்யும் விதமும் அழகு. மாத்திரையில் உள்ள வடிவத்தில் அது கிருமியைக் கொல்லாது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் செல்லுக்குள் போனதும், அந்தச் செல்லே தன் எலக்ட்ரானைக் கொடுத்து அதை நஞ்சாக மாற்றிக்கொள்கிறது. அந்த நஞ்சு டிஎன்ஏவை அறுக்கிறது. ஆக்சிஜன் உள்ள செல்லில் அந்த எலக்ட்ரானை ஆக்சிஜன் பிடுங்கிக்கொள்வதால் மருந்து பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும்.

அதனால்தான் மெட்ரோனிடசோல் தனியாகப் போதாது. பல் சீழில் காற்றில்லா வகையோடு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் கூடவே குடியிருக்கும். அதை இது தொடாது. அமாக்சிசிலினோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். இரும்பைச் சப்பியது போன்ற வாய்க்கசப்பு, குமட்டல், சிலருக்குச் சிறுநீர் கருத்துப்போவது இதன் சகஜமான தொல்லைகள். மது கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும், கேட்டுக்கொள்வது நல்லது. அதைவிடப் பெரிய விஷயம்: இதய வால்வு, ரத்தக்கட்டி போன்றவற்றுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மெட்ரோனிடசோல் அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவு வரவழைக்கலாம். கவுண்டரில் நின்று வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை.

கிளிண்டாமைசின் காற்றில்லா வகைக்கு நல்ல மருந்துதான். ஆனால் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் வாரிக்கொண்டு போகும். அந்தக் காலியிடத்தில் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் முளைத்தால் கடும் வயிற்றுப்போக்கு, சிலருக்கு உயிராபத்து. அதுவும் ஒரு காற்றில்லா பாக்டீரியா என்பதுதான் இதில் வேடிக்கை. பல் சிகிச்சைக்கு முன் இதயப் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் மருந்துப் பட்டியலிலிருந்து அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் கிளிண்டாமைசினை எடுத்துவிட்டது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு, வேறு வழி பார்த்துவிட்டு இதற்கு வரலாம்.

அப்புறம் நம் ஊரின் செல்லப்பிள்ளை, ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. ஆர்னிடசோல் மெட்ரோனிடசோலின் தம்பி, அதனால் காற்றில்லா வகையை அது பார்த்துக்கொள்ளும். ஆஃப்லாக்சசின் வாயின் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களுக்குப் பொருத்தமான மருந்து இல்லை; தசைநாண், நரம்பு சார்ந்த பக்கவிளைவுகளும் அந்த வகைக்கு உண்டு. வயிற்றுப்போக்குக்கு வாங்கியதன் மிச்சம் பல்லுக்கும் ஆகும் என்று வீட்டில் வைத்திருப்பவர்கள் நிறைய. பல்லுக்கு இதைவிட நல்லது, விலை குறைந்தது அமாக்சிசிலின். சிலர் அமிக்காசின் ஊசி போட்டால் சீக்கிரம் வற்றும் என்று கேட்டு வாங்குவார்கள். அந்த வகை மருந்து கிருமியின் உள்ளே நுழைவதற்கே ஆக்சிஜன் தேவை. காற்றில்லா பாக்டீரியாவிடம் அது செல்லாக் காசு.

வலிக்கு என்றால் ஆன்டிபயாடிக் எதுவுமே வலிமருந்து கிடையாது. வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவருக்கு இபுப்ரோஃபென், அதோடு பாரசிட்டமால், இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் போதும். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், சூட்டு உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது இதமாக இருக்கும். கன்னத்துக்கு வெளியே சூடு ஒத்தடம் மட்டும் வேண்டாம் என்று பல் மருத்துவர்கள் சொல்வது சீழ் வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்துவிடக்கூடாது என்பதற்காக.

இனி இரண்டாவது வழி, சீழை வெளியேற்றுவது. இதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல்லின் மேல்பரப்பில் துளை போட்டு உள்ளறையின் கூரை உடைந்ததும், சில பற்களில் மஞ்சள் கலந்த சீழ் தானாகவே பொங்கி வரும், பின்னாலேயே கொஞ்சம் ரத்தம். கூடவே ஒரு வாடை அறையை நிறைக்கும். காற்றில்லா பாக்டீரியா புரதத்தைச் சிதைக்கும்போது வெளிவிடும் கந்தகச் சேர்மங்களும் பியூட்டிரிக் போன்ற அமிலங்களும்தான் அந்த வாடை. முகக்கவசத்தைத் தாண்டி வரும். அந்த நிமிடத்திலேயே நாற்காலியில் இருப்பவரின் தோள் தளர்வதைப் பார்க்கலாம். வலிக்குக் காரணமாக இருந்தது எலும்புக்குள் அடைபட்ட அழுத்தம், அது போய்விட்டது. ஈறில் கொழகொழப்பாக வீங்கியிருந்தால் அங்கேயே ஒரு சிறு கீறல் போதும்.

வடித்துவிட்டால் காற்றும் படுகிறது, ரத்தமும் திரும்ப வருகிறது, இரண்டுமே காற்றில்லா வகைக்குப் பிடிக்காதவை. ஆனால் இது பாதி வழிதான். பல்லுக்குள் செத்த சதை இருக்கும்வரை மறுபடி அதே சூழல் உருவாகும். ஆகவே இரண்டாவது வழி எப்போதும் மூன்றாவதிலோ நான்காவதிலோதான் போய் முடிய வேண்டும்.

சீழை லேபுக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். சாதாரணப் பல் சீழுக்குத் தேவைப்படாது. அனுப்பினால் பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்பாமல், சிரிஞ்சில் உறிஞ்சி, காற்றுப் படாமல் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் காற்றில்லா பாக்டீரியா வழியிலேயே செத்துப்போய், கிருமி வளரவில்லை என்று ரிப்போர்ட் வரும். நாற்றமெடுக்கும் சீழ், ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்றால் ரிப்போர்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, ரூட் கேனலா, பிடுங்குவதா? உண்மையான தேர்வு இந்த இரண்டுக்கும் இடையில்தான். கிருமியின் கோணத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றே: அதன் வீட்டைக் காலி செய்வது. ஒன்றில் வீட்டுக்குள்ளேயே சுத்தம் செய்கிறோம், மற்றதில் வீட்டையே அகற்றுகிறோம்.

ரூட் கேனலில் மெல்லிய ஊசி போன்ற ஃபைல்களால் வேர்க்கால்வாயைச் சுரண்டினாலும், கிருமியைக் கொல்லும் பெரிய வேலையைச் செய்வது சோடியம் ஹைப்போகுளோரைட் கழுவல்தான். துணி வெளுக்கும் பிளீச்சில் இருக்கிற அதே பொருள். முதல் உலகப்போரில் அழுகிய காயங்களைக் கழுவ டேக்கின் என்ற வேதியியலாளர் பயன்படுத்திய கரைசலும் இதுவே. கிருமியைக் கொல்வதோடு செத்த சதையையும் கரைக்கும். சீழ் அதிகமாக இருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை உள்ளே வைத்து ஒரு வாரம் போல மூடிவைப்பார்கள்; அதன் காரத்தன்மையில் பெரும்பாலான கிருமி தாக்குப்பிடிக்காது. பிறகு கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நிரப்பி, கடைவாய்ப்பல்லானால் மேலே கேப் போடுவார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ரூட் கேனல் செய்த பற்களில் 86 முதல் 93 சதவீதம், 2 முதல் 10 ஆண்டுகள் கழித்தும் வாயில் இருந்தன. நல்ல கணக்குதான்.

தோற்கும் பற்கள் பெரும்பாலும் இரண்டு காரணத்தால் தோற்கின்றன. ஒன்று, விட்டுப்போன கால்வாய். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் வேர் மூன்று; கால்வாயோ பல சமயம் நான்கு. நான்காவது தலைமுடி போல ஒளிந்திருக்கும். அதைத் தேடாமல் மூன்றோடு மூடினால் உள்ளே சிக்கிய கிருமிக்கு மறுபடி கொண்டாட்டம். இரண்டாவது காரணம் நோயாளி பக்கம். முதல் அமர்வில் வலி போய்விடும். அதோடு ஆள் வருவதில்லை. தற்காலிக அடைப்பு தேய்ந்து எச்சில் உள்ளே இறங்கி, எல்லாம் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடும். கேப்புக்குக் காசு சேரட்டும் என்று ஒரு வருடம் இழுத்தடித்து, கரும்பு கடித்துப் பல் இரண்டாகப் பிளந்து வருகிறவர்களும் உண்டு. மூன்று தடவை வர முடியாது, கேப் போட முடியாது என்று முன்பே தெரிந்தால் ரூட் கேனல் ஆரம்பிக்காமலே இருப்பது நல்லது என்பேன்.

பிடுங்குவதற்குத் தெளிவான இடங்கள் உண்டு. ஞானப்பல்லாக இருந்தால் பெரும்பாலும் அதுதான். வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால், சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கிக் கேப் பிடிக்க மிச்சம் எதுவும் இல்லாவிட்டால், ஈறு நோயில் பல் ஆடிக்கொண்டிருந்தால், ரூட் கேனலுக்குச் செலவழிப்பது வீண். ஒரே அமர்வில் முடிகிறது, செலவு குறைவு, கிருமிக்கு இடமே இல்லாமல் போகிறது. ஆனால் மற்ற பற்களில் அந்தச் சிக்கனம் பிறகு கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும், செயற்கைப் பல்லுக்காக இம்ப்ளான்ட் அல்லது பிரிட்ஜ் என்று போனால் ரூட் கேனலும் கேப்பும் சேர்ந்த செலவைத் தாண்டிவிடும். முன்பல்லை மட்டும், காப்பாற்ற முடிகிற நிலையில் இருந்தால், பிடுங்க ஒத்துக்கொள்ளவே கூடாது. பெரும்பாலும் ஒரே கால்வாய்தான், ரூட் கேனலும் சுலபம். செலவுதான் தடையென்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வீக்கத்தோடு பல்லைப் பிடுங்கக் கூடாது, தலைக்கு ஏறிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பலமாக இருக்கிறது. கிருமியின் இருப்பிடத்தை அகற்றுவதால் அது பரவும் ஆபத்து குறையவே செய்யும். அந்த நம்பிக்கையில் ஒரே ஒரு நிஜம் உண்டு: சீழ் உள்ள இடத்தின் அமிலத்தன்மையில் மரப்பு ஊசி சரியாக வேலை செய்யாது. அதற்கு ஊசியைச் சற்றுத் தள்ளி, நரம்பு வரும் வழியில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று எல்லோரையும் திருப்பி அனுப்ப அது காரணமாகாது.

இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாத ஒரு நிலையும் இருக்கிறது. கீழ்க் கடைசிப் பற்களின் வேர்நுனி, தாடைக்குள் இருக்கும் தசை இணைப்புக்குக் கீழே இருப்பதால், அங்கே வரும் சீழ் நேராகத் தாடைக்கு அடியில் இறங்கும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் லுட்விக் 1836இல் விவரித்த, அவர் பெயராலேயே அறியப்படுகிற தொற்று இதுதான். தாடைக்கு அடியில் இருபுறமும் கல் மாதிரி இறுகும், நாக்கு மேலே தூக்கும், எச்சில் விழுங்க முடியாது, வாய் திறக்காது, குரல் மாறும். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இதில் பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சு அடைத்து. இந்த அறிகுறியில் ஒன்று தெரிந்தாலும் பல் கிளினிக்குக்குப் போக வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மேல் பல் வீக்கம் கண் மூடும் அளவுக்கு ஏறினாலும் அப்படியே. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், கீமோ எடுப்பவர், ஸ்டீராய்டு சாப்பிடுபவர் ஆகியோருக்கு இந்த எல்லை இன்னும் சீக்கிரம் வரும். சாதாரண வீக்கத்துக்கும் அவர்களுக்கு ஆன்டிபயாடிக் சேர்த்தே தொடங்குவார்கள். கர்ப்பிணிகள் பயந்துகொண்டு தள்ளிப்போட வேண்டியதில்லை. சீழ் வடிப்பது, ரூட் கேனல், அமாக்சிசிலின் மூன்றும் அவர்களுக்கும் செய்யக்கூடியவையே. மருத்துவரிடம் எத்தனையாவது மாதம் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயம் பாக்கி. ரூட் கேனல் முடிந்த பின் எடுக்கும் எக்ஸ்ரேயில் வேர்நுனியில் கறுப்புத் திட்டு அப்படியே இருக்கும். அதைப் பார்த்து சிகிச்சை தோற்றுவிட்டது என்று வேறு டாக்டரிடம் ஓடுகிறவர்கள் உண்டு. கரைந்த எலும்பு திரும்ப வளர ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வலியோ வீக்கமோ ஈறில் சீழ்ப்புள்ளியோ இல்லாமல், ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் திட்டு சுருங்கியிருந்தால் சிகிச்சை சரியாகவே போய்க்கொண்டிருக்கிறது. பெரிதாகியிருந்தால்தான் மறுபடி திறந்து செய்வதா, வேர்நுனியை அறுவை செய்து எடுப்பதா, பிடுங்குவதா என்ற பேச்சு.